குடிக்காதவன் கையில் கட்டிய கயிறு

வேலு,

நேற்றுச் சின்னசேலம் ஸ்டேஷனில் நீ செய்த காரியத்தால் எனக்கு இன்று சோறு இறங்கவில்லை. சேலம் ரயில் வரும் நேரத்தில், அத்தனை ஜனம் பார்க்க, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொசுக்கென்று என் காலில் விழுந்தாய். "ஒன்னாலதாம்பா பொழச்சேன். அன்னிக்கி அந்தக் கயித்த நீ அறுக்கலன்னா நான் இன்னிக்கி இல்ல" என்றாய். உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து பெஞ்சில் இருந்த யாரோ ஒருவர்கூட, என்ன ஏது என்று தெரியாமலே, "அப்பன்னா இப்பிடி இருக்கணும்" என்றார். அதோடு விட்டாயா? வண்டியில் ஏறும்போது அலமேலுவைப் பார்த்துச் சிரித்து, "ஒனக்கு அந்தத் தைரியம் வருமா? நீ அழுதுகினு நின்னிருப்ப" என்றாய். அவளும் சிரித்தாள். ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். வண்டி போய்விட்டது. நானும் உன் அம்மாவும் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தோம்.

என் குணம் உனக்குத் தெரியும். பஸ்ஸில் எவனாவது மறந்துவிட்டுப் போன துணிப்பையைக்கூட டிப்போவில் ஒப்படைக்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை. இப்போது உன் கும்பிடு ஒன்று என்னிடம் தவறுதலாக வந்து கிடக்கிறது. அது எனக்கு உரியது இல்லை. அந்தக் கயிற்றை அறுத்தது நான் இல்லை, அலமேலு. ஸ்டேஷனிலேயே சொல்ல வாய்வரை வந்தது. ஊரில் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், நீ என்ன ஊரா? நீ அவள் புருஷன். அந்த நாட்களில் பாதி உனக்கு நினைவே இல்லை. யாரோடு ரயில் ஏறிப் போயிருக்கிறாய் என்று தெரியாமலே நீ குடித்தனம் நடத்துவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது, நீதான் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அலமேலுவை உன்னைவிட எனக்குத்தான் முதலில் தெரியும், அந்தப் பெருமையை உனக்கு விட்டுத்தர மாட்டேன். நான் வெள்ளிமலை வண்டியில் கண்டக்டராக இருந்தபோது, மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்குப் போய்வந்த பிள்ளை அவள். ஒருநாள் மலை இறங்கும்போது ஒரு பெரியவர் வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டார். சுற்றி இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். நான் வழக்கம்போல, "ஜன்னல் எதுக்கு வச்சிருக்குது, தலைய வெளிய நீட்ட வேண்டியதுதான?" என்று கத்தினேன். அவள் எழுந்து வந்து அந்த ஆளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "கத்தினா வாந்தி நின்னுடுமா சார்? தண்ணி இருந்தா குடுங்க" என்றாள். வண்டியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதே பாதையில் இன்னொரு நாள் மாடு குறுக்கே வந்து, டிரைவர் போட்ட பிரேக்கில் கம்பியில் மோதி என் முன்பற்கள் போயின. பல் கட்டிக்கொள் என்று நீ சொல்லாத நாள் இல்லை, நான்தான் சோம்பேறி. பொக்கை வாயோடு டிக்கெட் கேட்டபோது வண்டியில் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். பிற்பாடு நீ அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றாய். உன் பெரியப்பா, "மலையில போயி பொண்ணு எடுக்கணுமா? கீழ பொண்ணே இல்லியா?" என்று குதித்தார். "அது என் வண்டியில வந்த பொண்ணு, எனக்குத் தெரியும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டேன்.

உனக்கு உடம்புக்கு வந்தது கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த சமயம். லோடு வண்டியை எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்கும் மலைக்கும் அலைந்துகொண்டிருந்தாய். சாயங்காலமானால் உடம்பு சுடும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டியைக் கிளப்பிவிடுவாய். சோறு குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டாய். நீ படுத்து எழுந்த பாய் வியர்வையில் நனைந்திருக்கும். அலமேலு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "அலைச்சல் ஜாஸ்தி, அதான்" என்று மழுப்பினாய். இருமல் என்று ஒன்று இருந்திருந்தால் எங்களுக்கும் வேறு நினைப்பு வந்திருக்கும். இருமலே இல்லை. பிறகு கண் மஞ்சளானது. வலது விலாவுக்குக் கீழே கனக்கிறது என்றாய். காமாலைதான் என்று உன் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். பத்தியம் என்று உப்பு, எண்ணெய், முட்டை, கறி எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஏற்கெனவே இளைத்திருந்தவன் எலும்பும் தோலுமாக ஆனாய்.

நம் பக்கத்தில் ஆம்பளைக்குக் கண் மஞ்சளாகி வயிறு உப்பினால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கும், குடி. எத்தனையோ வீட்டில் அப்படிப் பார்த்துவிட்டார்கள், அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. நீ லோடு ஏற்றி இறக்கும் ஆட்களோடு சுற்றுகிறவன் வேறு. "வேலு இவ்ளோ குடிப்பான்னு தெரியாமப் போச்சே" என்று டீக்கடையில் என்னிடமே வந்து துக்கம் விசாரித்தார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் குடித்திருந்தால் எழுந்து இடம் மாறி உட்காருகிற பிள்ளை நீ. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். இருந்தாலும் ஊரே ஒரே மாதிரிச் சொல்லும்போது பெற்றவனுக்கும் உள்ளே ஏதோ ஆடிப்போகிறது, வேலு. ஆடவே ஆடாதவள் ஒருத்திதான் இருந்தாள்.

உன் பெரியப்பா உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அதனால்தான் அந்த வினையே வந்தது. குடிக்கிறவனை ஏரிக்கரைக் கோயிலுக்கு அழைத்துப்போய், இனிமேல் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்து, மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் சாமி சும்மா விடாது என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் பிழைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. பெரியப்பா ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோவோடு வந்து நின்றார். அலமேலு வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்காத ஆளுக்கு இன்னாத்துக்குங்க கயிறு?"

"குடிக்கலன்னா கட்டிக்கறதுல ஒனக்கு இன்னாம்மா கஷ்டம்? குடிக்கறவன்தான பயப்படணும்?"

"கட்டினா குடிச்சாருன்னு ஆயிடும்ங்க."

பெரியப்பா சத்தம் போட ஆரம்பித்தார். நீதான் நடுவில் புகுந்தாய். "வுடு அலமேலு. பெரியப்பாவுக்கு மனசு ஆறும்னா கட்டினு போவட்டும்" என்று தள்ளாடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய். ஜுரத்தில் கொதிக்கிற கையில் மஞ்சளும் சிவப்புமாக முறுக்கிய தடிக் கயிற்றோடு திரும்பி வந்தாய். உன் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அலமேலு சொன்னது சீக்கிரமே பலித்தது. ஜுரம் தாங்காமல் உன்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். கயிறு தெரிந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் உன்னைப் பார்க்கவே இல்லை. "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?" என்று அலமேலுவைக் கேட்டார். குடிக்க மாட்டாருங்க என்றாள். "எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா சொல்றீங்க. கயிறு கட்டியிருக்கே, அப்புறம் என்ன?" என்றார். சாயங்கால ஜுரத்தைப் பற்றி அவள் ஆரம்பித்தது அவர் காதில் ஏறவில்லை. ஈரலுக்கு டானிக்கை எழுதி, குடியை மறக்க வைக்கும் இடம் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் உன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. ஜுர வேகத்தில் உன் பேச்சு குழறிவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, "கண்டக்டர், வெள்ளிமலை ஒண்ணு" என்றாய். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். உன் அம்மா அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நானும் அலமேலுவும் உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலில் உன்னை இறக்கி அலமேலு தோளில் சாய்த்துவிட்டு நான் வீல்சேர் தேடிப் போனேன். தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால், அவள் வாசலில் இருந்த பூக்காரம்மாவிடம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். சரம் அறுக்க வைத்திருக்கும் பிளேடைக் கேட்கிறாள். அந்தம்மா கொடுக்கத்தான் எடுத்தது. உன் கையைப் பார்த்ததும் பிளேடை மடிக்குள் போட்டுக்கொண்டது. "சாமிக் கயிறும்மா. என் பிளேடால அறுத்த பாவம் எனக்கு வோணாம்" என்றது.

நானும் தடுக்கப் பார்த்தேன். "வேணாம்மா அலமேலு, சாமி விஷயம்" என்றேன்.

"மாமா, டாக்டருங்க மொதல்ல இதத்தான் பாக்கறாங்க. இவர பாக்க மாட்டேன்றாங்க. இத கட்டிக்கினு உள்ள போனா இங்கயும் டானிக்தான் குடுப்பாங்க."

"சாமி குத்தம் ஆயிடும்மா."

"இவரு குடிக்கலன்னு சாமிக்குத் தெரியும் மாமா. டாக்டருக்குத்தான் தெரியாது."

சொல்லிவிட்டு உன் கையைத் தூக்கிக் கயிற்றில் வாயை வைத்தாள். பல்லால் கடித்து அறுத்தாள், வேலு. சாதாரணக் கயிறா அது? தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பல்லை நறநறவென்று கடித்து, நார்நாராகப் பிய்த்தாள். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயை மட்டும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் அறுந்தது. அறுந்த கயிற்றைக் கீழே போடவும் அவளுக்குப் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். "நீங்க வச்சிக்குங்க மாமா" என்று என் கையில் திணித்துவிட்டு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. அவரும் குடியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதானே, கேட்காமல் எப்படி? இல்லைங்க, தொட்டதே இல்லை என்றாள் அலமேலு. டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "ஜுரம் எப்போ வருது?" என்று கேட்டார். அந்த அடுத்த கேள்விக்காகத்தான் அவள் அந்தக் கயிற்றை அறுத்தது. சாயங்கால ஜுரம், நனைந்த பாய், இளைத்த உடம்பு என்று எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினாள். மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "பாருங்க, தினை தூவின மாதிரி இருக்கு. இது டி.பி.யா இருக்கலாம். நுரையீரல்ல மட்டும் இல்ல, ரத்தத்துல கலந்து உடம்பு பூராப் பரவியிருக்கு. ஈரல்லயும் போய் உக்காந்திருக்கு, காமாலை அதனாலதான்னு நினைக்கிறேன்" என்றார். மலையில் தினையும் சாமையும் விதைக்கிற வீட்டில் பிறந்தவள் அவள். அந்தப் படத்தை அவ்வளவு நேரம் பார்த்தாள். மூளைக்குப் போகவில்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். விலாப் பக்கம் ஊசி விட்டு ஈரலில் துளியூண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சந்தேகமே இல்லை என்று பதில் வந்தது.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் உன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "டி.பி.யைக் கொல்ற முக்கியமான மாத்திரைகள் சிலது ஈரலுக்குச் சுமை. இவருக்கு ஈரலே படுத்திருக்கு. மருந்து குடுக்கலன்னா நோய் ஈரலைத் தின்னுடும். எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்தா ஈரல் தாங்காது. அதனால ஈரலைத் தொந்தரவு பண்ணாத மருந்தையும் ஊசியையும் வச்சு ஆரம்பிப்போம். ரத்தத்தைப் பாத்துப் பாத்து மத்ததை ஒவ்வொண்ணாச் சேப்போம். நடுவுல காமாலை ஏறினா நிறுத்துவோம், இறங்கினதும் மறுபடி ஆரம்பிப்போம். அப்போ பயந்துகிட்டு மட்டும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க." நான் தலையாட்டினேன். அலமேலு, "மறுபடி ஒருவாட்டி சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டு, முழுசாக இன்னொரு தடவை சொல்லவைத்துக்கொண்டாள்.

பெரியப்பா பார்க்க வந்தவர் ஆரஞ்சுப் பையைக் கீழே வைப்பதற்குள் உன் கையைப் பார்த்துவிட்டார். "கயிறு எங்கடா?" என்று கேட்ட குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அலமேலு உன் தலைமாட்டில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் காட்டி, "நான்தான் அறுத்தேன்" என்றேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நீ அறுத்தது அவன் கயிற இல்லடா, இந்தப் பொண்ணோட தாலிக் கயிற" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அலமேலுவின் கை தன்னால் கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்தா அப்படி நடக்க வேண்டும்! புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்த மஞ்சள் மறுபடி கண்ணில் ஏறிவிட்டது. டாக்டர் சொன்னபடியே அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். ஆனால் அதைக் கேட்கும் நிலையில் யார் இருந்தார்கள்? உன் அம்மா சாமி குத்தம் என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அலமேலு என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், "நான் அறுத்ததாலயா மாமா?" என்று கேட்டு விக்கி விக்கி அழுதாள். "அடி இவளே, அறுத்தவன் நான்னுதான ஊருக்கே சொல்லியிருக்கேன்? சாமி கேட்டா என்னத்தான் கேக்கும். நீ போயி அவனுக்குக் கஞ்சி குடு" என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

மறுநாள் பெரியப்பா ஆட்டோவோடு வந்துவிட்டார். உன்னை வீட்டுக்குத் தூக்கிப்போய், கோயிலில் அபராதம் கட்டி, மறுபடி கயிறு கட்டவேண்டுமாம். "மாத்திரையே வெஷம், டாக்டரே நிறுத்திட்டாங்க, அப்புறம் இங்க இன்னா வேல?" என்றார். உன் அம்மா துணிமணியைப் பையில் போட ஆரம்பித்துவிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றிவிட்டது. அலமேலு வார்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். வீட்டு வாசலில் நின்ற அதே மாதிரி.

"டாக்டரு நிறுத்தினது ஒரு மாத்திரைய. வைத்தியத்த இல்லிங்க" என்றாள்.

"எதுத்துப் பேசாத. ஒன் தாலிக்குத்தாம்மா நான் அல்லாடறேன்."

"என் தாலிமேல ஒங்களவிட எனக்குத்தாங்க அக்கற ஜாஸ்தி. இப்ப இவர எடுத்துனு போனா திரும்ப இட்டாரதுக்கு ஆள் இருக்க மாட்டாரு. இவரு இங்கதான் இருப்பாரு. நானும் இங்கதான் இருப்பேன். நீங்க கோயிலுக்குப் போயி எங்களுக்காகக் கும்புட்டுக்குங்க, நான் வோணாம்னு சொல்லலிங்க."

மரியாதை ஒரு சொல்லில்கூடக் குறையவில்லை. வாசலை விட்டு ஒரு அடியும் நகரவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார். "அவ சொல்றதுதாண்ணே" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கதையில் என் பங்கு. அவர் நிஜமாகவே கோயிலுக்குத்தான் போனார்.

மஞ்சள் மெல்ல இறங்கியது. ரத்தச் சோதனை நல்லபடியாக வந்ததும் மறுபடி ஒவ்வொரு மாத்திரையாகச் சேர்த்தார்கள். ஒத்துக்கொள்ளாத அந்த ஒன்றை அடியோடு விட்டுவிட்டு, அதற்கு ஈடாக மற்றதை அதிக காலம் சாப்பிடச் சொன்னார்கள். ஒருநாள் காலையில் நீ கண்ணைத் திறந்து, கண்டக்டர் என்று கூப்பிடாமல், "அப்பா, பசிக்குது" என்றாய். அடேயப்பா! அந்த வார்த்தைக்கு ஈடாக எனக்கு எதைக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. தினம் காலையில் மாத்திரையைக் கையில் வைத்து, நீ விழுங்குகிறவரை எதிரில் நின்றாள். பத்தியத்தை ஒழித்து முட்டையும் பருப்புமாக உன் தட்டை நிரப்பினாள். அதற்காக உன் அம்மாவோடு நடந்த சண்டையைத்தான் நீயே பார்த்தாயே. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சுக் கலராகப் போனபோது மறுபடி காமாலை என்று நீ அலறினாய். மருந்தோட கலருதான், டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க என்று அவள்தான் உன்னை அடக்கினாள். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சோதனை செய்யவேண்டும் என்றபோது, முறைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவையும் நைசாகப் பேசி இழுத்துக்கொண்டு வந்தாள். மருந்து முடிந்தது, நீ குணமானாய் என்று டாக்டர் சொன்ன அன்று, அவள் அந்தப் பூக்காரம்மாவிடம் போய் ரெண்டு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

நீ தேறியதும் கதை அப்படியே திரும்பிக்கொண்டது. சாமிக் கயிற்றை அறுத்த பாவி என்று என்னைச் சொன்ன அதே வாய்கள், மகனுக்காகச் சாமியையே எதிர்த்து நின்றவன் என்று சொல்ல ஆரம்பித்தன. பெரியப்பாவே அதைக் கல்யாணம், காதுகுத்து எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குக் கூச்சமாக இருந்தது. போதும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அலமேலுவிடம் சொன்னேன். "இருக்கட்டும் மாமா. நீங்க அறுத்தீங்கன்னா அது தைரியம். நான் அறுத்தேன்னா மலைக்காரிக்குத் திமிருன்னுவாங்க" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஊரைத் தெரிந்தவள் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

புது ஊர், புது வேலை. பார்சல் ஆபீஸில் மேற்பார்வைதான் என்றாய், ஆள் வரவில்லை என்று நீயே மூட்டையைத் தூக்கித் தொலைக்காதே. ரத்தச் சோதனைக்கு வரச்சொன்ன நாளைத் தள்ளிப்போடாதே. தலைவலி, உடம்புவலி என்று மருந்துக்கடையில் தோன்றிய மாத்திரையை வாங்கி விழுங்காதே, அந்த ஈரல் பட்ட பாடு போதும். அங்கே யாருக்காவது சாயங்கால ஜுரம் விடாமல் வந்தால், அவன் யார், எப்படிப்பட்டவன் என்று முடிவுகட்டாமல் முதலில் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போ. அலமேலு ஒன்றைச் சொன்னால் அவள் குரல் சின்னதாக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதே. அவள் பயப்படாதவள் இல்லை. பயந்து நடுங்கிக்கொண்டே செய்ய வேண்டியதைச் செய்கிறவள். எங்கள் டிப்போவில் மலைப்பாதைக்கென்றே வாழ்ந்த டிரைவர்களை எனக்குத் தெரியும், அவர்களில்கூட அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. என் மருமகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவள் காலில் கீலில் விழுந்து வைக்காதே, கூச்சத்தில் ஊருக்கே திரும்பி வந்துவிடுவாள். அவள் சோறு போடும்போது, எனக்குத் தெரியும் அலமேலு என்று மட்டும் சொல். என்மேல் கோபித்துக்கொள்வாள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு அந்தக் கயிற்றையும் மடித்து வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் என் கண்டக்டர் பையில் கிடந்தது. நான் பெருமைக்காகச் சொல்கிறேனோ, மருமகளை உயர்த்திப் பேசுகிறேனோ என்று உனக்குச் சந்தேகம் வந்தால், அதன் நுனியைப் பிடித்துப் பார். பிளேடு பட்ட நுனி நறுக்கென்று இருக்கும். இது நார்நாராகப் பிய்ந்திருக்கிறது. உன் பெரியப்பா இதைக் கையிலேயே வாங்கிப் பார்த்தார். உன் அம்மா பார்த்தாள். ஊருக்கு வந்ததும் நீயும் ஒருதரம் கேட்டு வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். உங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா? பல்லால் கடித்து அறுத்த கயிறுடா இது. உன் அப்பனுக்கு ஏதுடா முன்பல்?